பதினொரு வெண்கல மீன்கள்

அக்காவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதினேன். ஜேர்மன் மொழியில், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல், முழுப்பெயர், பிறந்த திகதி, அவரைத் துப்புரவு வேலைக்கு அனுப்பிய கொம்பனியில் அவருடைய இலக்கம் எல்லாம் போட்டு எழுதினேன். என் ஆயுளுக்கு அது போதும்.

அவரைப் பற்றி ஒரு விசயம் தெரிந்தால் பாதி ஆளைத் தெரிந்த மாதிரி. மங்கிக் கிடக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. மினுக்க வேண்டும். மினுக்காமல் விட்டால் கை அரிக்கும் என்று அவரே சொல்வார். வீட்டுச் சாவிக்கொத்தை மினுக்குவார், தண்ணீர்க் குழாயை மினுக்குவார், கைப்பையின் கொக்கியை மினுக்குவார். அதற்கு அவரிடம் இருந்த மருந்து ஒன்றுதான். பழப்புளி. கொஞ்சம் உப்பு. தயிர் வாங்கிய பிளாஸ்டிக் கோப்பை ஒன்றில் கரைத்து, மூடி போட்டு, பையில் கொண்டு திரிவார். கடைகளில் விற்கிற திரவங்களை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்ததில்லை. "அதெல்லாம் மணக்கும் தம்பி, மினுங்காது" என்பார்.

நான் பீலெஃபெல்டில் வளர்ந்தவன். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்கள். மகன் எஞ்சினியராக வருவான் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, நான் மியூனிக்கில் பழைய கிரேக்கக் காசுகளைப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அப்படிப் பிடிவாதம் பிடித்துப் போன இடத்தில்தான், எங்கள் துறையின் இரண்டாம் மாடியில், வாளியும் துடைப்பமுமாக வந்த அக்காவைக் கண்டேன். "தம்பி தமிழோ?" என்றார். "ஓம் அக்கா" என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். போர் முடிந்த பிறகு மகளோடு வந்தவர். மியூனிக்குக்குப் பக்கத்தில், கார்ஹிங்கில் ஒரு சிறிய வீடு. நானும் அந்தப் பக்கத்தில்தான் மாணவர் விடுதியில் இருந்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு வேலைக்கு வருவார், ஏழு மணிக்கு முடிப்பார். பல நாட்கள் ஒரே ரயிலில் திரும்பிப் போவோம்.

அவர் வந்து இரண்டாம் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் துறையின் கதவுகளில் பித்தளைப் பெயர்ப்பலகைகள் உண்டு. பழுப்பும் கறுப்புமாக, அது பித்தளை என்றே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் படியேறி வந்து தன் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பெயர் படிக்கட்டிலிருந்தே வாசிக்கக்கூடியதாக மின்னிக்கொண்டிருந்தது.

"இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

"எங்கள் ஊர் அக்கா" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். என்னவோ நான்தான் கையால் தேய்த்து மினுக்கியது போல எனக்குப் பெருமை. பேராசிரியர் அன்று பின்னேரம் காத்திருந்து அக்காவுக்குக் கை கொடுத்தார். அக்கா வெட்கத்தில் சேலைத்தலைப்பைத் தேடினார். ஜீன்ஸ் போட்டிருக்கிறோம் என்பது மறந்துபோய்விட்டது.

ஆகவே, மினுக்கினால் அந்த மாடியில் எல்லாருக்கும் சந்தோசம் என்று அவர் நம்பியதில் ஒரு பிழையும் இல்லை. இதை முதலே சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு பழக்கம். கோயிலுக்குப் போகும்போது ஐயர் தட்டில் போடுவதற்கு வைத்திருக்கிற செம்புச் சதங்களை, ஒரு சதம், இரண்டு சதம், ஐந்து சதம், எல்லாவற்றையும் முதல் நாளே புளியில் ஊறப்போட்டுத் தேய்த்து வைப்பார். ரயிலில் ஒருநாள் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். நேற்றுத்தான் அச்சடித்த காசு போலக் கிடந்தன.

"ஏன் அக்கா, சாமிக்குக் கறுத்த காசு பிடிக்காதோ?"

"சாமிக்கு எல்லாம் ஒண்டுதான். ஐயர் தட்டை நீட்டேக்கை என்ரை காசு தெரிய வேணும். இல்லாட்டில் சில்லறை போட்டிட்டுப் போறாள் எண்டெல்லோ நினைப்பார்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எதிரில் இருந்த ஜேர்மன் கிழவியும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

அந்தக் கைகளையும் சொல்ல வேண்டும். விரல் நுனியெல்லாம் புளியில் ஊறி ஊறி வெடித்திருக்கும். அந்த வெடிப்புகளுக்குள் கறுப்புக் கோடுகள். உலகத்தையெல்லாம் மினுக்கியவருக்குத் தன் விரலை மட்டும் மினுக்க முடியவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

எங்கள் துறை பழைய காசுகளை வைத்திருந்த நாணய அறையை அக்கா "காசறை" என்பார். வெள்ளிக்காசு, பொற்காசெல்லாம் பூட்டிய இரும்புப் பெட்டியில். வெண்கலக் காசுகள் மரத் தட்டுகளில், அலுமாரிக்குள். வெண்கலம் என்றால் சந்தையில் மீனும் வெங்காயமும் வாங்கிய காசு. அரசர்களைவிடச் சனங்களின் கை அதிகம் பட்டது. அதனால்தான் எனக்கு அதில் பைத்தியம். என் ஆய்வு ஒல்பியா என்ற பட்டினத்தின் வெண்கலக் காசுகளைப் பற்றியது. இப்போதைய உக்ரைனில், கருங்கடல் பக்கமாக, கிரேக்கர்கள் கடல் தாண்டிப் போய்க் குடியேறிய ஊர். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்த ஊரில் காசை வட்டமாக அடிக்கவில்லை. டொல்பின் வடிவத்தில் வார்த்தார்கள். ஒரு விரல் மூட்டளவு நீளம். முதுகில் செட்டை, தலையில் புள்ளியாக ஒரு கண். எங்கள் அலுமாரியில் பதினொன்று இருந்தன. அத்தனையிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தக் களிம்புதான் அவற்றின் உயிர். மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. அதை உரித்தால் பிறகு அது வெறும் உலோகத் துண்டு. இதைப் படிக்க எனக்கு நான்கு வருடம் எடுத்தது. அக்காவுக்குச் சொல்ல நான்கு நிமிடம் எடுத்திருக்கும். சொல்லவில்லை.

காசறைக்கு அவர் முதன்முதலாக வந்த நாளிலேயே பேராசிரியர் ஒரு தாளை என் கையில் தந்தார். சுத்தம் செய்பவர்களுக்கான விதிகள், ஒன்றரைப் பக்கம். "உங்கள் மொழியில் விளக்கமாகச் சொல்லிவிடுங்கள்" என்றார். நான் அக்காவிடம் போய், "அலுமாரியைத் திறக்காதேங்கோ அக்கா, அவ்வளவுதான்" என்றேன். ஒன்றரைப் பக்கத்துக்கு இவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. எனக்கு அன்று பசி. திரும்பிப் போய்ப் பேராசிரியரிடம், எல்லாம் விளக்கிவிட்டேன் என்றேன்.

அக்கா ஒருநாளும் அலுமாரியைத் திறக்கவில்லை. கைப்பிடியை மட்டும் மினுக்கினார்.

நான் ஆய்வு செய்கிற ஒல்பியாவைப் பற்றி ஒருமுறை கேட்டார். "கப்பல்லை போனவையோ? எங்களைப்போல அகதியளோ?"

"இல்லை அக்கா. அவை இடம் பிடிக்கப் போனவை."

"அப்ப அங்கை முதலே இருந்த சனம்?"

என் ஆய்வில் அந்தச் சனத்துக்கு ஒரு அத்தியாயம்கூட இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அந்த அத்தியாயத்துக்குக் கருத்தரங்குகளில் எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. கேள்வி யாருடையது என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பாருங்கள், ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் இன்னொன்று வந்து விழுகிறது.

அந்த வருடம் அக்கா ஜேர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். ரயிலில் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொற்களை முணுமுணுப்பார். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அன்ட்ராக் என்று ஜேர்மனில்தான் அதைச் சொல்வார், ஏதோ ஒரு சாமியின் பெயர் மாதிரி. மொழிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், நிரந்தரமாக ஒரு வேலையும் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ஊரில் அவருடைய தமையனாருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. தாய் தகப்பன் இல்லாத அக்காவை வளர்த்தவர் அவர்தான். அக்காவிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்தில் உலகத்துக்கெல்லாம் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக ஏலாது. ஜேர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்தால் அடுத்த விமானத்தில் போய் அண்ணையைப் பார்ப்பேன் என்பார். அந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஒரு வியாழக்கிழமை. என் தங்கையின் கலியாணத்துக்காக பீலெஃபெல்டுக்குப் போக வேண்டும். ரயிலுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. மேசையில் பதினொரு டொல்பின்களும் தட்டோடு கிடந்தன. காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தேன். எடுத்து உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும், அதுதான் முதல் விதி. அப்போது அக்கா வாளியோடு உள்ளே வந்தார். தட்டைக் கண்டார். கையை நெஞ்சில் வைத்தார்.

"ஐயோ தம்பி, இதென்ன கோலம்! இந்த மீன்குஞ்சுகளை ஏன் இப்பிடிப் பாசி பிடிக்க விட்டிருக்கிறீர்?"

நான் பையின் சிப்பை இழுத்துக்கொண்டே சிரித்தேன். "அது உங்கடை பழப்புளிக்கெண்டே வைச்சிருக்கு அக்கா. நேரமிருந்தால் ஒருக்கா மினுக்கி விடுங்கோவன்."

"மெய்யாயோ?"

"ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டு, தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியால் ஓடினேன்.

பகிடிதான். எங்கள் துறையில் யாரிடம் சொல்லியிருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஆனால் நான் அதை யாரிடம் சொன்னேன்? சாமிக்குப் போடுகிற ஒரு சதத்தையே மினுக்குகிற ஒருவரிடம். பெயர்ப்பலகையை மினுக்கியதற்குப் பேராசிரியரே கை கொடுத்த ஒருவரிடம். தம்பி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று நினைக்கிற ஒருவரிடம்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். மேசையில் சமையலறைக் கடதாசி விரித்து, அதன் மேல் பதினொன்றும், சிறியதிலிருந்து பெரியது வரை ஒழுங்காக வரிசையில், செம்பொன் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தன. அறை முழுவதும் புளி மணம். வயிற்றில் புளியைக் கரைத்தது என்று சொல்வார்களே, அது என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். கண் தேய்ந்துவிட்டது. விலாவில் எழுத்துப் பொறித்த இரண்டு இருந்தன. அந்த எழுத்துகளைத் தேடினேன், இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. மற்ற அறைகளின் வேலையை முடித்துவிட்டு, சம்பளமில்லாமல் இருந்து செய்திருக்கிறார்.

பத்து மணிக்குப் பேராசிரியர் வந்தார். ஒரு டொல்பினை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதை யார் செய்தது?"

அதே கேள்வி. அதே வாய். இந்த முறை நான் முந்திக்கொள்ளவில்லை. "துப்புரவு செய்கிற பெண்ணாக இருக்கும்" என்றேன். எங்கள் ஊர் அக்கா, ஒரு நிமிடத்தில் துப்புரவு செய்கிற பெண் ஆகிவிட்டார்.

நான்கு மணிக்கு அக்கா வந்தார். படியிலேயே சிரிப்பு. "எப்பிடித் தம்பி? பார்த்தனீரே?" பேராசிரியரும் செயலாளர் அம்மாவும் நடைபாதையில் நிற்பதைக் கண்டதும், இன்னொரு முறை கை கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். அந்தக் கை துடைத்தது இருக்கிறதே. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பல் துலக்கும்போது, வீதி கடக்கும்போது, அது வந்து என் முன்னால் நிற்கும்.

பேராசிரியர் கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். ஏன் தொட்டீர்கள், யாரிடமாவது கேட்டீர்களா என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். அக்காவின் முகத்தில் சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அணைந்தது.

"பிழையோ தம்பி? பிழையெண்டால் மன்னிச்சுக்கொள்ளச் சொல்லும். நான் என்ரை பாட்டுக்குத் தொடேல்லை எண்டு சொல்லும். தம்பிதான் மினுக்கச் சொன்னவர் எண்டு சொல்லும், அவருக்கு விளங்கும்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். செயலாளர் பார்த்தார். அக்கா பார்த்தார். அடுத்த மாதம் என் ஆய்வு உதவித்தொகைக்குப் பேராசிரியர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஜேர்மனில் சொன்னேன்: "அவர் யாரிடமும் கேட்கவில்லை. அழுக்கு என்று நினைத்து, நல்லது செய்வதாக எண்ணிச் செய்திருக்கிறார். விதிகளை நான் முன்னரே விளக்கியிருந்தேன். வருந்துகிறார்."

நான் சொல்லச் சொல்ல அக்கா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்வதெல்லாம் தன்னுடைய வார்த்தை என்று நம்புகிறவரின் தலையாட்டல் என்றே எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் பெருமூச்சு விட்டார். அவரைத் தண்டிக்க வேண்டாம், ஆனால் நடந்ததைக் கொம்பனிக்கு அறிவிக்க வேண்டும், நீங்களே எழுதிவிடுங்கள் என்றார். எழுதினேன். மேலே சொன்னேனே, எழுத்துப்பிழை இல்லாமல். கொம்பனி அந்தக் கிழமையே அக்காவை நிறுத்தியது.

வேலை போனதும் விண்ணப்பம் நின்றது. அடுத்த நிரந்தர வேலை, ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில், கிடைக்க ஒன்றரை வருடம் எடுத்தது. அதற்கிடையில் ஊரில் தமையனார் செத்துப்போனார். மகள் தொலைபேசியில் காட்டிய செத்தவீட்டு வீடியோவைத்தான் அக்கா பார்த்தார்.

எனக்கு உதவித்தொகை கிடைத்தது. பட்டம் கிடைத்தது. இப்போது ஒரு அருங்காட்சியகத்தில் வேலை.

இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ, மறக்கக்கூடிய ஆள்தான் நான். அக்கா விடவில்லை. அடுத்த வருடத் தேர்த் திருவிழாவில், ஜேர்மனி முழுவதிலிருந்தும் சனம் வந்து நிற்கிற இடத்தில், அம்மாவோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். அக்கா எங்கிருந்தோ வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"இந்தத் தம்பிதான்! நான் பெரிய பிழை ஒண்டு விட்டிட்டன். அண்டைக்கு எனக்காக ஜேர்மன்காரரோடை கதைச்சு என்னைக் காப்பாத்தினவர். இல்லாட்டில் பொலிசிலை குடுத்திருப்பாங்கள்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அம்மாவின் முகம் பூத்துவிட்டது. கிரேக்கக் காசு படிக்கப் போன மகனை அன்றுதான் அம்மா முழுதாக மன்னித்தார் என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பிள்ளை என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு ஒரு கலியாணவீட்டில். பிறகு ஒரு பொங்கல் விழாவில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் நீளும். ஒருமுறை நான் மேசையில் அடித்துக் கதைத்தேன் என்றும் சொன்னார். அக்கா தூரத்தில் வருவதைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிவேன். ஒளிந்தாலும் கண்டுபிடிப்பார். அழுக்கைக் கண்டுபிடிக்கிற கண்ணெல்லோ அது.

போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில் பீலெஃபெல்டுக்குப் போனேன். அக்காவின் மகள் அங்கே கலியாணம் முடித்து, அக்காவும் அவளோடு வந்துவிட்டார் என்று அம்மா சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு பெட்டி பயற்றம் பணியாரத்தைக் கையில் தந்து, "உன்னிலை உயிரை விடுற மனிசி, ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வா" என்றார்.

கதவைத் திறந்தது அக்காதான். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. சமையலறை மேசையில் பழைய பத்திரிகை விரித்து, குத்துவிளக்கைக் கழற்றித் துண்டு துண்டாக வைத்திருந்தார். தயிர்க் கோப்பையில் புளி. அதே மணம்.

"அக்கா, அண்டைக்கு நான் உங்களுக்காகக் கதைக்கேல்லை" என்றேன். கதிரையில் இருக்கக்கூட இல்லை. "நான்தான் மினுக்கச் சொன்னனான் எண்டதை நான் சொல்லேல்லை. நீங்கள் ஒருத்தரையும் கேக்காமல் செய்தது எண்டு சொன்னனான்."

அக்கா விளக்கின் தண்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஸீ ஹாட் நீமான்டன் கெஃப்ராக்ட்" என்றார். அவர் யாரிடமும் கேட்கவில்லை. நான் அன்று சொன்ன ஜேர்மன் வாக்கியம், சொல்லுக்குச் சொல் அதுவேதான். உச்சரிப்பு என்னுடையது போலவே இருந்தது. "கெஃப்ராக்ட் எண்டது வகுப்பிலை முதல் மாசமே படிப்பிச்ச சொல்லு. அண்டைக்கே விளங்கினது."

"அப்ப ஏன் அக்கா நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"எந்தப் பாசையிலை சொல்ல? விளங்கிறது வேறை, அந்தப் பெரிய மனிசருக்கு முன்னாலை நிண்டு வாய் திறக்கிறது வேறை. எனக்கு வாய் எண்டு அண்டைக்கு இருந்தது நீ மட்டும்தான்."

அதுவரை என்னை "நீர்" என்று மரியாதையாகக் கதைத்தவர், அன்று "நீ" என்றார். செல்லமாகச் சொன்ன "நீ" இல்லை அது.

"பிறகு ஏன் எல்லாற்றை முன்னாலையும் நான் காப்பாத்தினன் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ தலை குனியிறதைப் பார்க்க." விளக்குத் தண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னும் ஒரு இடத்தில் கறுப்பு இருந்தது, திரும்பத் தேய்த்தார். "முதல் தரம் அதுக்குத்தான் சொன்னனான். குனிஞ்சாய். சரி, பெடியனுக்கு உள்ளுக்குச் சுடுது எண்டு விளங்கினது. பிறகு, எப்ப வாய் திறப்பாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். உனக்கு இவ்வளவு வருசம் எடுத்திருக்கு."

"என்னோடை கோவமோ அக்கா?"

"கோவமில்லாமல்? என்ரை அண்ணையின்ரை முகத்தைக் கடைசியா ஒருக்காப் பார்க்கேலாமல் போனதுக்கு உன்னோடை கோவிக்காமல் ஆரோடை கோவிக்கிறது? அந்த மீன்களோடையோ?"

அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பத்தைந்து வயது ஆம்பிளை, ஒரு பெட்டி பயற்றம் பணியாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அக்கா எழும்பி வந்து என்னைத் தேற்றவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.

தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னட்டை ஏன் மன்னிப்புக் கேக்கிறாய்? எனக்கு நடந்தது தெரியும். தெரியாத ஆள் அவரெல்லோ. இப்பவும் அந்த மனிசன், நான் சொல்வழி கேளாமல் அவரின்ரை காசைப் பழுதாக்கின ஒருத்தி எண்டுதானே நினைச்சுக்கொண்டிருப்பார். நான் அண்டைக்கு ஒரு வசனம் சொன்னனான். தம்பிதான் மினுக்கச் சொன்னவர் எண்டு. அதை நீ இன்னும் மொழிபெயர்க்கேல்லை. போய் மொழிபெயர். அதுக்குப் பிறகு வந்து கதை."

சரி என்றேன். சத்தியம் பண்ணினேன். அக்கா சத்தியமெல்லாம் வேண்டாம் என்றார்.

பேராசிரியர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நல்ல சுகமாக இருக்கிறார். ஒவ்வொரு நத்தாருக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவார், உங்களைப் போல நேர்மையான மாணவர் எனக்குக் கிடைத்ததில்லை என்று கைப்பட எழுதுவார். முகவரி என்னிடம் இருக்கிறது. என் கணினியில் ஒரு கடிதமும் இருக்கிறது. "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று ஜேர்மனில் தொடங்கி, காற்புள்ளி போட்டு, அதோடு நிற்கிறது. அந்த ஒரு வசனம், எட்டுச் சொல்லுக்கு மேல் வராது. எட்டுச் சொல்லை மொழிபெயர்க்க எனக்குக் கை வரவில்லை. என் அருங்காட்சியக வேலைக்கு அவர் எழுதித் தந்த பரிந்துரைக் கடிதம் ஞாபகம் வருகிறது. உடனே கணினியை மூடிவிடுகிறேன்.

பொங்கலன்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுகம் விசாரிக்கவில்லை, பொங்கல் வாழ்த்துச் சொல்லவும் விடவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"எழுதியாச்சோ?"

"எழுதிக்கொண்டிருக்கிறன் அக்கா" என்றேன்.

பொய்யில்லை. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், இதோ நீங்கள் வாசிக்கிறீர்கள். நடந்தது முழுவதையும் ஒன்றும் மறைக்காமல் எழுதிவிட்டேன், அக்கா சொன்ன அந்த வசனம் உட்பட. ஆனால் தமிழில் எழுதியிருக்கிறேன். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது.